நாம், நாங்கள், அவர்கள்: மதம் சார்ந்த அகதி உதவியை முன்வைத்துச் சில கேள்விகள்

1

அமெரிக்காவில் ஹயாஸ் என்று ஓர் அமைப்பு. யூதர்கள் நடத்துவது. அகதிகளுக்கு உதவுவதுதான் அதன் வேலை; நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. தன்னைப் பற்றி அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு. முன்பு அகதிகள் யூதர்களாக இருந்ததால் உதவினோம், இன்று நாங்கள் யூதர்களாக இருப்பதால் உதவுகிறோம் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். இந்தக் கட்டுரையில் அந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க விரும்புகிறேன். மதம் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் அகதிகளோடு கொள்ளும் உறவு எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை கிடைக்கிறது. மீதிப் பாதி அது சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது.

முதலில் வாக்கியத்தின் பின்னணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ருஷ்யப் பேரரசில் நடந்த யூதப் படுகொலைகளிலிருந்து தப்பி நியூயார்க்கில் வந்திறங்கியவர்களுக்கு, அதே நகரத்தில் முன்னமே குடியேறியிருந்த யூதர்கள் உதவத் தொடங்கினார்கள். எல்லிஸ் தீவில் ஆள் நிறுத்தி மொழிபெயர்த்தார்கள். யூத உணவு விதிப்படி சமையல் நடக்க வழி செய்தார்கள். அதிகாரி திருப்பி அனுப்பப் பார்த்தவர்களுக்காக வாதாடினார்கள். இப்படித்தான் ஹயாஸ் உருவாயிற்று. பின்னர் 1975-இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் வந்தபோது அமெரிக்க அரசு மற்ற நிறுவனங்களோடு இதையும் உதவிக்கு அழைத்தது. சோவியத் யூனியனிலிருந்து வந்த யூதர்களின் அலை ஓய்ந்தபின், உதவி பெற்றவர்களில் பெரும்பான்மையோர் யூதரல்லாதவர்கள் ஆனார்கள். அப்போது நிறுவனத்துக்கு ஒரு நெருக்கடி. யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் இப்போது இல்லை. பின் எதற்காக இருக்கிறோம்? அந்த நெருக்கடியின் விடைதான் இந்த வாக்கியம்.

இதை ஆங்கிலத்தில் படிக்கும்போது தெரியாத ஒன்று தமிழில் எழுத முயலும்போது தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். நமக்கு இரண்டு: நாம், நாங்கள். ஒன்று கேட்பவரையும் உள்ளே சேர்க்கும். மற்றொன்று வெளியே நிறுத்தும். வாக்கியத்தின் முதல் பாதியில் இருந்த உறவு ‘நாம்’. எல்லிஸ் தீவின் வரிசையில் நிற்பவரும் அவருக்காக வாதாடுபவரும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே பண்டிகையைக் கொண்டாடினார்கள். உதவுகிறவர் பத்து வருடத்துக்கு முன் அதே வரிசையில் நின்றவர். இரண்டாம் பாதியில் வருவது ‘நாங்கள்’. அங்கே அகதி வெளியே போய்விட்டார். உதவிக்கான காரணம் அவரிடமிருந்து கழன்று உதவுகிறவரின் தன்னிலைக்குள் இடம் மாறிவிட்டது. இனி அவர் யாராகவும் இருக்கலாம்: கொங்கோக்காரர், சிரியர், ஆப்கானியர். அவர் யார் என்பது முக்கியமில்லை என்பதுதான் இதன் பெருந்தன்மை. அதுவேதான் இதன் சிக்கலும்.

2

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் மதமாற்றத்தைப் பற்றிக் கேட்பார்கள். சோறு போட்டுச் சாமியை மாற்றுகிறார்களா என்று. நம்மூரில் மதம், தொண்டு என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக வந்தாலே விவாதம் நேராக அங்கே போய் நின்றுவிடுகிறது. அமெரிக்க அரசின் பணத்தில் செய்யும் அகதிப் பணியில் மதப் பிரச்சாரத்துக்கு இடமில்லை. விதி அதைத் தடுக்கிறது. விதியை மீறியவர் எங்காவது இருக்கலாம். ஆனாலும் மதமாற்றக் கேள்வி இங்கே நம்மைத் திசைதிருப்பும் கேள்வி என்றே நினைக்கிறேன். தொண்டு நிறுவனத்தின் உள்நோக்கம் என்ன என்று தோண்டிக்கொண்டே இருந்தால், உள்நோக்கம் தூய்மையாக இருக்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுவோம். அந்தக் கேள்வி இது: இந்த நிறுவனம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது?

ஹன்னா அரெண்ட் 1943-இல், தாமே அகதியாக நியூயார்க்கில் இருந்துகொண்டு, அகதிகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதற்கு முன் பாரிஸில் யூதச் சிறுவர்களுக்கான உதவி அமைப்பொன்றில் வேலை பார்த்தவர் அவர். மேசையின் இரண்டு பக்கமும் தெரிந்தவர் என்று சொல்லலாம். அகதி என்ற சொல்லின் பொருள் தம் காலத்தில் மாறிவிட்டதை அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே கவனிக்கிறார். முன்பெல்லாம் ஏதோ ஒன்றைச் செய்ததற்காக, ஓர் அரசியல் கருத்து வைத்திருந்ததற்காகத் துரத்தப்பட்டவர் அகதி. இப்போதோ கையில் எதுவும் இல்லாமல் புதிய நாட்டில் வந்திறங்கி, அகதிகள் உதவிக்குழுவின் உதவி தேவைப்படுகிறவர் அகதி. கசப்பான கிண்டலோடு சொன்னது இது. ஆனால் அதில் ஒரு கோட்பாடே அடங்கியிருக்கிறது. அகதி என்ற தன்னிலையை இனி அவர் செய்த செயல் வரையறுப்பதில்லை, அவருக்கு உதவும் குழு வரையறுக்கிறது. குழு இருப்பதால்தான் அவர் அகதி.

அந்தக் குழு இன்று எப்படி வேலை செய்கிறது? அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வந்தது. வெளிநாட்டு முகாம்களிலிருந்து தேர்ந்தெடுத்து அழைத்துவரும் அகதிகளைக் குடியமர்த்தும் வேலையை அரசு நேராகச் செய்வதில்லை. சில தேசிய அளவிலான தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறது. அண்மைக் காலத்தில் அப்படிப்பட்டவை பத்து இருந்தன. அவற்றில் பெரும்பான்மை மதம் சார்ந்தவை: கத்தோலிக்க ஆயர்கள், லூத்தரன்கள், எபிஸ்கோப்பல் திருச்சபையினர், சுவிசேஷக் கிறிஸ்தவர்கள், பல சீர்திருத்தச் சபைகள் சேர்ந்து 1946-இல் தொடங்கிய சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், யூதர்களின் ஹயாஸ். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும். 2010-இல் அந்தத் தொகை 900 டாலரிலிருந்து 1800 டாலராக உயர்ந்தது. அதில் 1100 அகதிக்கு, 700 நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு. வந்த நாளிலிருந்து 90 நாள்தான் இந்த முதல் கட்டப் பொறுப்பு. அதற்குள் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவப் பரிசோதனை, வேலைக்கான வழி எல்லாம் நடக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தின் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அகதி வந்திறங்கும் அன்று அவர் போய்ச் சேரும் வீட்டில், அவருடைய பண்பாட்டுக்கு ஏற்ற, உடனே சாப்பிடத்தக்க உணவு தயாராக இருக்க வேண்டும். படுக்கை, பாத்திரம், சோப்பு என்று ஒரு பட்டியலே உண்டு. யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் வந்திறங்குகிற சோமாலியக் குடும்பத்துக்காக ஏதோ ஒரு மாதா கோவிலைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் சோறும் இறைச்சியும் சமைத்து எடுத்துக்கொண்டு போகிறார். அவர் மனசில் அது அன்பு. ஆண்டவரின் கட்டளை என்றுகூட அவர் சொல்லலாம். காகிதத்தில் அது ஒரு விதி. நிறைவேற்றியதற்குக் கோப்பில் குறிப்பு எழுத வேண்டும். இரண்டில் எது உண்மை? இரண்டுமே. இந்த இரட்டை நிலையைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பொய் என்று சொல்வது சோம்பேறித்தனமான விமர்சனம்.

இன்னொரு விவரம். இந்த அகதிகளின் விமானக் கட்டணம் இலவசமில்லை. வட்டியில்லாக் கடன். புறப்படும் முன்பே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் வந்து சில மாதங்களில் தவணை கட்டத் தொடங்க வேண்டும். தவணையை வசூலிப்பது, விமான நிலையத்தில் வரவேற்பு அட்டை பிடித்து நின்ற அதே நிறுவனம். வசூலாகும் தொகையில் நான்கில் ஒரு பங்கு அந்த நிறுவனத்துக்குப் போகும். கடனைத் திருப்பிக் கட்டினால் கடன்பெறும் தகுதிக்கான மதிப்பெண் ஏறும், அகதிக்கு அது நல்லதுதானே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். இருக்கட்டும். கொடைக்கும் கடனுக்கும் உள்ள நெருக்கத்தைப் பற்றி மார்சல் மோஸ் 1925-இல் எழுதியதைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எந்தக் கொடையும் திருப்பித் தரவேண்டிய கடமையோடுதான் வருகிறது என்றார் அவர். அவர் பார்த்த சமூகங்களில் கொடுத்தவர் யார் என்பது தெளிவு. இங்கே கொடுத்தது அரசு, கொடுத்ததாகத் தோன்றுவது கடவுளின் பெயரால் இயங்கும் நிறுவனம், திருப்பிக் கட்டுவது இறைச்சி ஆலையில் இரவு வேலை பார்க்கும் அகதி.

3

2017-இல் அமெரிக்க நீதிமன்றங்களில் ஒரு விநோதமான கேள்வி எழுந்தது. இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

ட்ரம்ப் ஆட்சியின் முதலாம் ஆண்டு. சில முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவரும் அகதிகளும் நுழைவதற்குத் தடை. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. ஜூன் மாதம் நீதிமன்றம் தற்காலிகமாக ஒரு வழி சொன்னது: அமெரிக்காவில் உள்ள ஒரு நபரோடோ நிறுவனத்தோடோ மெய்யான உறவு உடையவர்களைத் தடுக்கக் கூடாது, மற்றவர்களைத் தடுக்கலாம். உடனே அடுத்த கேள்வி வந்தது. ஓர் அகதியை நாங்கள் வரவேற்றுக் குடியமர்த்துகிறோம் என்று தொண்டு நிறுவனம் அரசிடம் உறுதிக்கடிதம் கொடுத்துவிட்டதே, அந்த நிறுவனத்துக்கும் அந்த அகதிக்கும் இடையில் இருப்பது உறவா, இல்லையா? அப்படிப்பட்ட கடிதத்தோடு ஏறத்தாழ 24,000 பேர் காத்திருந்தார்கள்.

நிறுவனங்கள் உறவு உண்டு என்றன. வீடு பார்த்தாயிற்று, கட்டில் வாங்கியாயிற்று, தொண்டர்கள் காத்திருக்கிறார்கள் என்றன. அரசு வழக்கறிஞர்கள் உறவு இல்லை என்று வாதிட்டார்கள். அவர்களின் வாதம் எளிமையானது: அந்த உறுதிக்கடிதம் நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம், அகதி அதில் ஒரு தரப்பே அல்ல. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செப்டம்பர் மாதம் அகதிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் அந்தப் பகுதியை, காரணம் எதுவும் எழுதாமல், நிறுத்தி வைத்துவிட்டது.

அரசின் வாதம் இதயமில்லாதது என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் ஒரு கசப்பான உண்மை தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த ஏற்பாடு அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. அகதி எந்த ஊருக்குப் போவது, எந்த நிறுவனத்தின் கையில் போவது என்பதை நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடிப் பங்கிட்டுக்கொள்வார்கள். உறவினர் யாராவது அங்கே இருந்தால் கவனத்தில் எடுத்துக்கொள்வதுண்டு. மற்றபடி அகதிக்கு அதில் குரல் இல்லை. நிறுவனம் கணக்குக் காட்டுவது அரசுக்கு. நன்கொடையாளருக்கு ஆண்டறிக்கை. ஆண்டவருக்கு மனசாட்சி. அகதிக்கு? புன்னகை, சாப்பாடு, படுக்கை. ஆனால் கணக்கு இல்லை. நாற்பதாண்டுக் காலம் யாரும் இதைக் குறையென்று நினைக்கவில்லை, ஏனென்றால் அரசும் நிறுவனமும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. அரசு திரும்பியபோதுதான் நிறுவனத்தின் கையில் அகதியோடு சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. ‘நாங்கள்’ என்ற சொல்லில் அகதி இல்லை என்று நான் இலக்கணத்தை வைத்துச் சொன்னதை, அரசு வழக்கறிஞர்கள் சட்டத்தை வைத்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

4

ஒப்பந்தம் அல்லாத உறவை யோசிக்க நம் மொழியில் ஒரு சொல் கிடக்கிறது: அடைக்கலம். பழம்பெருமை பேச இதை எடுக்கவில்லை. இந்தச் சொல்லுக்குள் ஒரு சட்டச் சிந்தனை இருப்பதால் எடுக்கிறேன். அடைக்கலம் என்றால் புகலிடம். அதோடு, இன்னொருவர் நம்பிக் கொடுத்துவைத்த பொருளுக்கும் அதே பெயர். புகுந்தவரும் அடைக்கலம், புகுந்த இடமும் அடைக்கலம், ஏற்றவர் தலையில் விழும் பொறுப்பும் அடைக்கலம்.

சிலப்பதிகாரத்தில் இதற்கென்று ஒரு காதையே இருப்பது தெரிந்ததுதான். மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில், சமணத் துறவியான கவுந்தி, ஆயர் முதுமகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். கண்ணகி இன்றைய பொருளில் அகதி அல்ல. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து, கையில் சிலம்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவள். காட்சியின் அமைப்பைப் பாருங்கள். மதத்தின் பிரதிநிதிக்கு வீடு கிடையாது. வீடு இருப்பவள் வேறு குலத்தவள், வேறு தெய்வத்தைக் கும்பிடுபவள். மதம் இங்கே இடையில் நின்று ஒப்படைக்கிறது. பிறகு அரசன் ஆளை அனுப்பிக் கோவலனைக் கொல்கிறான். அதைக் கேட்ட மாதரி அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று தீயில் விழுந்து சாகிறாள். கவுந்தி உண்ணாதிருந்து உயிர் விடுகிறார். இரண்டு பேரும் கொலை செய்தவர்கள் அல்ல, கொலையைத் தடுக்கும் அதிகாரமும் இல்லாதவர்கள். ஆனாலும் கணக்கு அவர்கள் மேல் நிற்கிறது.

ஒரு பெண் தீயில் விழுவதை இலட்சியமாகத் தூக்கிப்பிடிக்க எனக்கு எந்த ஆசையும் இல்லை. காப்பியம் பெண்ணுடலை வைத்துத்தான் கணக்குத் தீர்க்கிறது என்ற விமர்சனம் சரியானது. நான் பார்ப்பது பொறுப்பின் திசையை மட்டும்தான். ஃபூக்கோ 1978 வகுப்புகளில் மேய்ப்பதிகாரம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசினார். கிறிஸ்தவ மேய்ப்பன் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அறிந்தவன். ஒரு ஆடு தொலைந்தாலும் தேடிப் போகிறவன். ஒவ்வொன்றுக்கும் அவன் கணக்குச் சொல்ல வேண்டும். யாரிடம்? ஆண்டவரிடம். ஆட்டிடம் அல்ல. இந்த அதிகாரம்தான் பின்னால் நவீன அரசின் நலத்திட்டங்களுக்குள் புகுந்தது என்பது அவர் வாதம். அகதிக் குடும்பத்துக்கு ஒரு கோப்பு, ஒரு பொறுப்பாளர், 90 நாள் பட்டியல் என்று இயங்கும் நிறுவனம் இந்த மேய்ப்பதிகாரத்தின் நேர் வாரிசு. அக்கறை உண்மை, கணக்கு மேல்நோக்கி. மாதரியும் மேய்ப்பவள்தான், மாடு மேய்க்கும் குலம். அவள் கணக்கு மேல்நோக்கிப் போகவில்லை. ஒப்படைக்கப்பட்டவர்களிடமே அவள் கடன்பட்டிருந்தாள். இந்த இரண்டு மேய்ப்பர்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் தொண்டுக்கும் அடைக்கலத்துக்கும் உள்ள தூரம்.

5

2018 அக்டோபர் 27. பிட்ஸ்பர்க் நகரத்து யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 11 பேரைக் கொன்றான். நுழைவதற்குச் சற்று முன் இணையத்தில் ஹயாஸ் பெயரைச் சொல்லி, அது தன் மக்களைக் கொல்ல வருகிறவர்களை அழைத்துவருகிறது என்ற பொருளில் எழுதியிருந்தான். அந்தக் கட்டடத்தில் கூடும் சபைகளில் ஒன்று, ஹயாஸ் ஏற்பாடு செய்த அகதிகளுக்கான ஓய்வுநாள் வழிபாட்டில் பங்கெடுத்திருந்தது.

எவ்வளவு கொடூரமான முரண் பாருங்கள். முந்தைய ஆண்டு அமெரிக்க அரசு இந்த நிறுவனங்களுக்கும் அகதிக்கும் உறவே இல்லை என்று வாதிட்டது. கொலைகாரன் உறவு இருக்கிறது என்று நம்பினான். யூதர்களும் அகதிகளும் சேர்ந்த ஒரு ‘அவர்கள்’ அவன் கண்ணில் தெரிந்தது. வெறுப்பு, தொண்டைவிடத் துல்லியமாக அந்த உறவைப் பார்த்துவிட்டது. அன்று செத்தவர்கள் ‘நாங்கள்’ என்ற வேலிக்கு வெளியே, அகதிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுச் செத்தார்கள். இதற்குப் பிறகு ‘நாங்கள் யூதர்களாக இருப்பதால்’ என்ற சொற்றொடரைச் சும்மா ஒரு பெருந்தன்மையாக வாசிக்க முடியாது. விலை கொடுத்த சொற்றொடர் அது. என் விமர்சனத்தை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதன் தொனி மாற வேண்டியிருக்கிறது.

2025 வந்தது. ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, ட்ரம்ப் அகதிகள் குடியமர்த்தும் திட்டத்தை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். சில நாட்களில் நிறுவனங்களுக்கு வேலையை நிறுத்து என்று கடிதம். முன்னமே வந்து இறங்கி 90 நாள் முடியாதவர்களுக்கான வாடகைப் பணம்கூட நின்றுபோனது. நிறுவனங்களில் ஆட்குறைப்பு. ஏப்ரலில் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை, அரசோடு வைத்திருந்த அகதி ஒப்பந்தங்களை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

பிறகு மே மாதம் நடந்ததுதான் நம் கேள்வியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. உலகெங்கும் இருந்து வரவேண்டிய அகதிகளை நிறுத்திவிட்ட அரசு, தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆப்பிரிகானர்களை மட்டும் அகதிகள் என்று விமானம் வைத்து அழைத்துவந்தது. முதல் விமானத்தில் 59 பேர். இவர்களைக் குடியமர்த்துங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டது. எபிஸ்கோப்பல் திருச்சபை முடியாது என்றது. இனநீதிக்கான தன் கடப்பாட்டையும் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையோடு உள்ள உறவையும் காரணமாகக் காட்டி, ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலக் கூட்டு வேலையையே முடித்துக்கொண்டது. டெஸ்மண்ட் டுட்டு பேராயராக இருந்த திருச்சபை அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு சில மத நிறுவனங்கள், கொள்கையைக் கண்டித்துக்கொண்டே, வருகிறவர் யாராயினும் வரவேற்போம் என்று ஒப்புக்கொண்டன.

யார் செய்தது சரி? டெரிடாவின் மொழியில் கேட்டால், நிபந்தனையற்ற விருந்தோம்பல் வருகிறவரின் பெயரைக்கூடக் கேட்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஏற்றுக்கொண்டவர்கள் சரி. ஆனால் அதே டெரிடா, நிபந்தனையற்றது நிபந்தனைகளோடு கூடிய சட்டங்களின் வழியாகத்தான் நடைமுறைக்கு வரும் என்றும் சொன்னார். வாசலில் நிற்கிற ஆயிரம் பேரைத் தள்ளிவிட்டு ஒருவரை மட்டும் உள்ளே விடும் காவல்காரன், அந்த ஒருவருக்குச் சோறு போடு என்று என்னிடம் சொன்னால், நான் போடும் சோறு விருந்தா, காவல்காரனுக்குச் செய்யும் ஊழியமா? எபிஸ்கோப்பல் திருச்சபை ஊழியம் என்று முடிவு செய்தது. என் வாக்கு அதற்குத்தான். முடியாது என்று சொல்லத் தெரியாத தொண்டு அரசின் கை நீளம் மட்டுமே.

ஆனால் அந்த மறுப்பிலும் ஒரு குறை மிஞ்சுகிறது. முடியாது என்று சொல்ல முடியும் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் விமானக் கட்டணத்தைக் கடனாக வசூலிக்கச் சொன்னபோது ஏன் யாரும் சொல்லவில்லை? 2016-இன் இறுதியில் 1,10,000 என்று இருந்த ஆண்டு வரம்பு 2020-க்கு 18,000 ஆகக் குறைக்கப்பட்டபோது எதிர்ப்பு இருந்தது, அறிக்கைகள் வந்தன, வேறு ஆணைகளை எதிர்த்து வழக்குகள்கூட நடந்தன. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறியவர் உண்டா? வெளியேறினால் வந்தவர்களைப் பார்ப்பது யார் என்பார்கள். நியாயமான பதில். அதே பதில் 2025-க்கும் பொருந்துமே என்பது என் எதிர்க்கேள்வி.

6

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1983-இலிருந்து ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடுகள் கட்டித் தரும் திட்டமும் வந்தது. பெயரில் மரியாதை கூடியது. சட்டத்தில் நிலை மாறவில்லை. சேசு சபையாரின் அகதிகள் பணி அமைப்பு 1990-இலிருந்து இந்த முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்காக வேலை செய்கிறது. அந்த மாலை வகுப்புகளில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்கள் பலர். ஆனால் 1991-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களே முகாமுக்குள் போகக் கூடாது என்று அரசு கதவைச் சாத்திய காலமும் இருந்தது. வகுப்பு நடத்தும் அனுமதியும் முகாமுக்குள் நுழையும் அனுமதியும் ஒரே கையிலிருந்து வரும்போது, குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும் அதே கைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் ஒப்பந்தம் செய்த வேலையை இங்கே அனுமதிச் சீட்டு செய்கிறது.

ஆகவே அளவுகோலை இப்படி வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு மத நிறுவனம் அகதிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை விட்டுவிடுவோம். எந்தச் சாமியின் பெயரால் கொடுக்கிறது என்பதையும் விட்டுவிடுவோம். அகதி அந்த நிறுவனத்தை நோக்கி விரல் நீட்டிக் கேட்க முடிகிறதா? அவர் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? பணம் எப்படிச் செலவாகிறது என்று முடிவெடுக்கும் மேசையில் நேற்றைய அகதிக்கு நாற்காலி உண்டா? கதவு சாத்தப்படும்போது நிறுவனம் தன் பெயரில் மட்டும் கத்துகிறதா, அகதியோடு சேர்ந்து கத்துகிறதா?

கடைசிக் கேள்விக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சியாட்டில் நீதிமன்றத்தில் ட்ரம்பின் ஆணையை எதிர்த்து ஒரு வழக்குப் போடப்பட்டது. ஹயாஸ், சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், ஒரு லூத்தரன் அமைப்பு ஆகியவை வாதிகள். அவர்களோடு அகதிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வாதிகள். வழக்கின் தலைப்பில் முதலில் நிற்பது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஓர் அகதியின் பெயர். நீதிபதி அந்த மாதமே அரசின் ஆணைக்குத் தடை விதித்தார். அடுத்த மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை நிறுத்தி வைத்தது. 2026 நிதியாண்டுக்கு அரசு அறிவித்த வரம்பு 7,500. அதிலும் பெரும்பங்கு ஆப்பிரிகானர்களுக்கு. வெற்றி என்று சொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்த மனுவை நான் முக்கியமான பிரதியாகவே வாசிக்கிறேன். உதவுகிறவரும் உதவி பெறுகிறவரும் ஒரே காகிதத்தில், ஒரே தரப்பாக, ஒரே எதிரியை நோக்கிப் பேசுகிறார்கள். அங்கே அகதி மூன்றாம் தரப்பு அல்ல. அரெண்ட் சொன்ன, உரிமைகளைப் பெறுவதற்கான உரிமையைத் தொண்டு நிறுவனம் யாருக்கும் வழங்க முடியாது. அதைக் கேட்பவரோடு நின்று சேர்ந்து கேட்க மட்டும் முடியும். ஹயாஸின் பழைய வாக்கியத்துக்கு மூன்றாவதாக ஒரு பாதி எழுதலாம் என்றால் அது இந்த மனுவிலிருந்துதான் வரும். அதைத் தமிழில் பெயர்ப்பவர் ‘நாங்கள்’ என்று எழுத முடியாது. ‘நாம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.